கட்டிக்கிட்ட பாவத்துக்கு பில்லையும் நீயே கட்டு!

"பொண்டாட்டியக் கொண்டுபோய் ஹோம்ல தள்ளிட்டானாம்பா, பாவி!"

ஊர்ல கேட்ட அதே வசனத்தை இங்கே புனேயில் மராத்தியிலும் கேட்டாச்சு. சொல்றவங்க யாரும் அந்த வீட்டுல ஒரு ராத்திரி கண்முழிச்சதும் இல்லை, ஒரு மாச பில்லை எட்டிப் பார்த்ததும் இல்லை.

எங்க அபார்ட்மெண்ட்ல ஒரு பெரியவர். 76 வயசு. மனைவிக்கு டிமென்ஷியா. நடுராத்திரி கதவைத் திறந்து கிளம்பிடுவாங்க அந்தம்மா. குளிப்பாட்ட, ஊட்டிவிட, டயப்பர் மாத்த எல்லாத்துக்கும் ஆள் வேணும். அவர் விசாரிச்ச இல்லத்துல சொன்ன தொகை மாசம் 45,000. மருந்தும் டயப்பரும் தனி.

கொஞ்சம் கணக்கு பார்ப்போமா? மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல ஒருத்தர் போடக்கூடிய அதிகபட்சத்தை 2023-ல 30 லட்சமா உயர்த்தினாங்க. அந்த ஏப்ரல்ல அறிவிச்ச 8.2 சதவீத வட்டிப்படி மாசத்துக்கு 20,500 ரூபாய் வரும். இல்லத்து பில்லுல பாதிகூட இல்லை. 30 லட்சம் சேர்த்து வச்ச 'வசதியான' ஆளோட கதியே இது. மத்தவங்களைப் பத்தி என்னத்தச் சொல்ல?

"இன்சூரன்ஸ் இருக்கே சார்?" இருக்கு. பாலிசியைப் புரட்டி, விலக்குகள் பகுதியைப் படிங்க. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல விலக்குகளுக்குப் பொது வாசகம் வகுத்தது. அதுல ஐந்தாம் எண்ணைப் பாருங்க: வீட்டிலோ பராமரிப்பு இல்லத்திலோ குளிக்க, உடுத்த, நடமாட உதவுற செலவுக்குப் பைசா கிடையாது. 2025 செப்டம்பர்ல தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜிஎஸ்டியை எடுத்தாங்க. நல்ல விஷயம். ஆனா அந்த ஐந்தாம் எண்ணை எடுக்கலையே?

70 வயசு தாண்டின எல்லாருக்கும் ஆயுஷ்மான் அட்டைன்னு 2024-ல கொண்டுவந்தாங்க. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம். அதுவும் ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனாத்தான். இடுப்பு எலும்பு உடைஞ்சா அரசு வரும். தன் பேரே மறந்துபோனா, அது உங்க சொந்த விஷயம்! பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-ல வந்தது. அது பிள்ளைங்க கையைப் பிடிக்கிற சட்டம், அதுக்கும் மாசம் 10,000-னு உச்சவரம்பு.

இதெல்லாம் போக மிச்சம் இருக்குறது யாரு? கட்டிக்கிட்ட ஆள்தான். இந்த நாட்டுல முதுமைக்கான காப்பீடே புருஷனும் பொண்டாட்டியும்தான்.

"நம்ம பண்பாடு சார், வீட்டுலயே வச்சுப் பார்த்துக்குவோம்"னு ஒரு கூட்டம் வரும். அந்தப் பண்பாட்டைக் கூலியில்லாம இழுத்தது மருமகளும் பொண்டாட்டியும்தானே ஐயா? புருஷனை இல்லத்துல சேர்க்குற பொம்பளைக்குக் கிடைக்கிற ஏச்சு இதைவிட மோசமா இருக்கும்.

யாரும் பேசாத ஒண்ணு இருக்கு. முதல்ல விழுறவருக்கே மொத்த சேமிப்பும் கரைஞ்சிடுது. நகை போகும், வைப்புநிதி போகும், கடைசியில வீடும் போகும். ரெண்டாவதா விழப்போறவருக்கு என்ன மிச்சம்? நம்ம ஊர்ல புருஷனைவிடப் பொண்டாட்டிக்குத்தான் வயசு கம்மி. அப்போ வெறும் பாஸ்புக்கோட நிக்கப்போறது பெரும்பாலும் யாருன்னு நான் சொல்லணுமா?

இந்தியாவுல 60 தாண்டினவங்கள்ல சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியான்னு 2023-ல வந்த ஆய்வு சொல்லுது. இதை வீட்டு விஷயம்னு ஒதுக்க முடியுமா? ஜெர்மனி 1995-லயும் ஜப்பான் 2000-லயும் நீண்டகாலப் பராமரிப்புக்குன்னே கட்டாயக் காப்பீடு கொண்டுவந்தாங்க. அங்கேயும் பொண்டாட்டி மேல பாசம் உண்டு சாமி. பாசம் வேற, பில் வேறன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதான்.

நான் கேட்கிறது ரெண்டே ரெண்டு. டாக்டர் சான்று இருந்தா பராமரிப்புச் செலவுக்கும் காப்பீடு தரணும். 70 தாண்டினவங்க அட்டையில, பதிவு செஞ்ச இல்லத்துக்கு மாசம் ஒரு தொகை தரணும்.

அதுவரைக்கும், வெளியூர்ல உட்கார்ந்திருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஞாயித்துக்கிழமை போன்ல "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" மட்டும் கேட்காதீங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர் படுத்துட்டா, இன்னொருத்தருக்குன்னு தனியா எவ்வளவு இருக்குன்னு கேளுங்க. பதில் வரலைன்னா, உங்க சம்பளத்துலேர்ந்து அதை இந்த மாசமே ஆரம்பிங்க.