வலிக்குக் காத்திராத பனிக்குடம்

இடுப்பில் வலி கண்ட பிறகே பனிக்குடம் உடையும் என்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக ஊறிப்போன கணக்கு. அந்தக் கணக்கு பிசகி, ஏழாம் மாதத்திலோ எட்டாம் மாதத்திலோ, வலி என்பதே இல்லாமல், பாயை விட்டு எழும்போது வெதுவெதுப்பான நீர் புடவையை நனைத்துக் கால்வழியே இறங்கினால், கர்ப்பிணி இன்னதென்று விளங்காமல் திகைத்து நிற்பதும், "மூத்திரமாத்தான் இருக்கும், வலி எடுத்தா போய்க்கலாம், போய்ப் படும்மா" என்று மாமியார் சமாதானம் சொல்வதும் இன்றும் நடக்கிற காரியங்களே. அந்தச் சமாதானத்தில் கழிகிற மணிநேரங்கள் அந்தச் சிசுவுக்குச் சேர வேண்டிய ஆஸ்தி என்பது என் அபிப்பிராயம்.

முப்பத்தேழு வாரம் நிறைவதற்கு முன், வலியும் தொடங்காமல் பனிக்குடம் உடைவது நூறு கர்ப்பங்களில் ஏறக்குறைய மூன்றில் நேர்கிறது. சில சமயம் கிருமித்தொற்று காரணமாகிறது. பல சமயம் காரணமே புலப்படுவதில்லை. தண்ணீர்க்குடம் தூக்கினாள், மாடிப்படி ஏறினாள் என்று அந்தப் பெண்ணின்மேலேயே பழியைப் போடுவதற்கு வைத்திய சாஸ்திரத்தில் ஆதாரம் எதுவும் இல்லை. உறை கிழிந்தபின் கிருமிகள் உள்ளே ஏற வழி திறந்துவிடுகிறது. அபூர்வமாகத் தொப்புள்கொடியே நழுவி இறங்கிவிடுவதும் உண்டு. ஆகவே கசிந்தது நீரா சிறுநீரா என்பதை நிர்ணயிக்க வேண்டிய இடம் ஆஸ்பத்திரியே அன்றி வீட்டுக் கூடம் அல்ல. சுத்தமான துணியை வைத்துக்கொண்டு, கசிந்த நேரத்தையும், நீர் தெளிவாக இருந்ததா, பச்சையாகவோ இரத்தம் கலந்தோ இருந்ததா என்பதையும் நினைவில் வைத்துப் புறப்பட்டால் போதும்.

போனவுடனே பிரசவம் பார்த்துவிடுவார்கள் என்றும் அஞ்ச வேண்டாம். முப்பத்துநான்கு வாரம் ஆகாத நிலையில், தாய்க்குக் காய்ச்சல் இன்றி, சிசுவின் இதயத்துடிப்பும் சீராக இருந்தால், கிருமிகளைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்து, வார்டிலேயே வைத்துக் கண்காணித்து, பிரசவத்தைத் தள்ளிப்போடவே மருத்துவர்கள் முயல்வார்கள். அப்படியும் பாதிப்பேருக்கு ஒரு வாரத்துக்குள் பிள்ளை பிறந்துவிடுகிறது. அந்தச் சொற்ப அவகாசத்தில்தான், பரிபக்குவம் அடையாத நுரையீரலை ஒரு ஊசியால் சுவாசத்துக்கு ஆயத்தப்படுத்த முடிகிறது.

அந்த ஊசியின் சரித்திரம் விசித்திரமானது. நியூஸிலாந்தின் ஆக்லாந்து நகரில் லிகின்ஸ் என்ற மருத்துவர், பிரசவ வலியைத் தொடங்கி வைப்பது எது என்று அறிய, சினையாடுகளை வைத்து ஸ்டீராய்டு மருந்தைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். காலத்துக்கு மிக முன்பே பிறந்து, மூச்சுவிட இயலாமல் மாண்டிருக்க வேண்டிய ஒரு குட்டி உயிரோடு கிடந்ததைக் கண்டு, தேடிச் சென்ற வினாவை ஒருபுறம் ஒதுக்கி வைத்து, கண்ணெதிரே கிடந்த விடையைப் பிடித்துக்கொண்டார். 1972-இல் அவரும் குழந்தை மருத்துவர் ஹவியும் தாய்மார்களிடத்தில் செய்த பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஆயினும் அது உலகெங்கும் வழக்கத்துக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. பண்டிதர்களின் தயக்கம் பாமரர்களின் தயக்கத்துக்குச் சற்றும் இளைத்ததன்று.

ஊசி மட்டும் போதுமா என்றால், போதாது. இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் வசதி குறைந்த இடங்களிலும் இம்மருந்தைப் பரவலாக வழங்கிப் பார்த்து 2015-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. சிசு மரணம் மொத்தத்தில் கூடவே செய்திருந்தது. குறைமாதப் பிள்ளையைப் பராமரிக்கும் வசதி படைத்த ஆஸ்பத்திரிகளில் மட்டும் நடத்தப்பெற்று 2020-இல் வெளிவந்த ஆய்விலோ, அதே மருந்து உயிர்களைக் காத்திருந்தது. ஆகையால் எப்போது போகிறோம் என்பதோடு எங்கே போகிறோம் என்பதும் சேர்ந்தே பிள்ளையின் விதியை எழுதுகிறது. பிறந்த பிறகு கண்ணாடிப் பெட்டியில் வைத்து நெடுஞ்சாலையில் விரைவதைக் காட்டிலும், தாயின் வயிற்றில் இருக்கும்போதே தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மேல்.

இடையே ஒரு பழைய நம்பிக்கை குறுக்கே நிற்கிறது: ஏழாம் மாதப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்பது. கிரேக்கர்களும் இதையே நம்பினார்கள் என்பதனால் அது உண்மையாகிவிடாது. வயிற்றில் தங்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபமே. எட்டாம் மாதம் என்று தெரிந்தவுடன் கைவிரித்து உட்கார்ந்துவிடும் பெரியவர்களுக்கு இதை யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கர்ப்பத்தைப் பதிவு செய்வது புகுந்த வீட்டு ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குப் பெண் போவதோ தாய்வீட்டுக்கு. அங்கே நள்ளிரவில் பனிக்குடம் உடைந்தால், எந்த ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை உண்டு என்பது அவளுடைய தகப்பனாருக்கும் தெரியாது, வண்டி ஓட்டுபவருக்கும் தெரிந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. பதிவு செய்யும் அன்றே கிராம சுகாதார செவிலியர் தாய்சேய் நல அட்டையின் மேற்பக்கத்தில் இரண்டு ஆஸ்பத்திரிகளின் பெயரையும் தொலைபேசி எண்ணையும், புகுந்த ஊருக்கு ஒன்றும் பிறந்த ஊருக்கு ஒன்றுமாக, கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவிடலாம். இதற்குப் புதிய கட்டிடமோ பெருந்தொகையோ தேவைப்படாது.