ஒரே குளிசை, இரண்டு விலை

போன கிழமை ஸ்காபரோவில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்துக் கதிரையில் இருந்த அண்ணை ஒருவர் தன் பிரஷர் கதையைச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் பெருமையாகச் சொன்னார்: "நான் ஜெனரிக் எடுக்கிறதில்லைத் தம்பி. கொம்பனி மருந்துதான். உயிரோட விளையாடேலாது." சுற்றியிருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். செத்தவீட்டில் சண்டை பிடிக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே மூடப்போவதில்லை.

ஏனென்றால் இதே கதையை நம்பித்தான் என் அம்மா விழுந்தா.

2008இல் ஸ்பொன்சரில் வந்தபோது அம்மாவுக்கு 61 வயது. ஒன்ராறியோவில் முதியவர்களுக்கான அரச மருந்துத் திட்டம் 65இல்தான் தொடங்கும். என் வேலையில் மருந்து இன்சூரன்ஸ் இல்லை. 2010இல் அற்றோவாஸ்ரற்றின் என்ற கொலஸ்ரரோல் குளிசைக்குக் கனடாவில் ஜெனரிக் வந்தது. மாற்றித் தரட்டா என்று பாமசியில் கேட்டிருக்கிறார்கள். அம்மா வேண்டாம் என்றிருக்கிறா. கோயிலில் யாரோ "அது மலிவுச் சாமான்" என்றார்களாம். விலை கூடின குளிசையையே வாங்கி, பிள்ளைக்குச் செலவு வைக்கக்கூடாது என்று ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டிருக்கிறா. 2011இல் பாரிசவாதம். வலக்கை இன்றைக்கும் சரியில்லை. ஒழுங்காகப் போட்டிருந்தால் வந்தேயிராது என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் லாச்சிக்குள் மிஞ்சிக் கிடந்த குளிசைகளை எண்ணினது நான்தான்.

1995 இடப்பெயர்வுக்குப் பிறகு வன்னியில் பேப்பர்ச் சுருளில் குளிசை தந்தார்கள். எந்தக் கொம்பனி என்று ஒருவராவது கேட்டோமா? கிடைத்ததே பெரிய காரியம் என்று விழுங்கினோம். கனடாவுக்கு வந்தபிறகுதான் எங்களுக்குக் குளிசையிலும் சாதி தேவைப்படுகிறது!

"ஜெனரிக்கில 20 வீதம் மருந்து குறைவாம்" என்று ஒரு கதை உலாவுகிறது. பிழை. பெட்டியில் 20 மில்லிகிராம் என்று இருந்தால் குளிசைக்குள்ளும் 20 மில்லிகிராம்தான் இருக்கவேண்டும். ஹெல்த் கனடா இரண்டு மருந்தையும் ஆட்களுக்குக் கொடுத்து, இரத்தத்தில் எவ்வளவு சேருகிறது என்று ஒப்பிடச் சொல்கிறது. அந்த ஒப்பீட்டின் நிச்சயமின்மை முழுவதும் 80க்கும் 125க்கும் இடையில் அடங்கவேண்டும். அது புள்ளிவிபர எல்லை, மருந்தைக் குறைக்கத் தந்த அனுமதி இல்லை. மாற்றுச் சிறுநீரகக்காரர் எடுக்கும் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளுக்கு எல்லை இன்னும் இறுக்கம், 90 முதல் 112. அப்படியான மருந்தை டொக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். அது நியாயமான பயம். மற்றது வீண் பயம்.

இனி மறுபக்கம். இந்தப் பயத்தை முழுக்க எங்கள் சனத்தின் தலையில் கட்டவும் எனக்கு மனமில்லை.

வந்த புதிதில் ஒரு பாமசியில் பெட்டி அடுக்கினேன். ஒரு மாதம் ஒரு கொம்பனியின் குளிசை, அடுத்த மாதம் வேறு கொம்பனியின் குளிசை. ஏன் என்று கேட்டேன். "ஆர் கூடக் கழிவு தருகினமோ அவையின்ர" என்று சிரித்தார் முதலாளி. வியாபாரம் முழுக்க அந்த ஒரு வசனத்துக்குள் இருந்தது. மருந்துத்துண்டில் "மாற்றக்கூடாது" என்று டொக்டர் எழுதாவிட்டால், பட்டியலில் உள்ள சமமான மருந்தை மருந்தாளர் மாற்றிக் கொடுக்கலாம். நல்ல சட்டம். ஆனால் விலையோ அரசாங்கம் வைத்த உச்சவரம்பில் நின்றது. முதல் ஜெனரிக் பிராண்ட் விலையில் 70 வீதம், அடுத்து வருவது 63 வீதம். எந்தக் கொம்பனி என்று தெரிவுசெய்வது கடை, காசு கட்டுவது நீங்கள். அப்படியென்றால் கொம்பனி யாருக்கு விலையைக் குறைக்கும்? கடைக்குத்தான்! 2007இல் கனடாவின் போட்டிப் பணியகம் அந்தக் கழிவு விலையில் ஏறத்தாழ 40 வீதம் என்று மதிப்பிட்டது.

ஒன்ராறியோ 2006இல் பொதுத்திட்டத்தின் ஜெனரிக் விலையை 50 வீதமாக்கிக் கழிவைத் தடைசெய்தது. ஆனால் "தொழில்சார் கொடுப்பனவு" என்ற பெயரில் ஒரு பின்கதவைத் திறந்துவிட்டது. 2010இல் அதையும் மூட வெளிக்கிட்டு விலையை 25 வீதமாக்கியது. அப்போது எழுந்த கூச்சல் ஞாபகமிருக்கிறதா? சில கடைகள் திறக்கும் நேரத்தையே குறைத்தன. பெரிய கடைகள் தங்கள் பெயரில் ஜெனரிக் விற்கக் கேட்டன. 2013இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையும் செல்லும் என்றது. 2018இல் நாடு முழுக்கக் கிட்டத்தட்ட 70 மருந்துகளின் விலை இன்னும் இறங்கியது, சில பிராண்ட் விலையில் 10 வீதத்துக்கு.

எங்கள் ஆட்களிலும் மருந்தாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கோபம் வரும். கழிவை வைத்து வாடகை கட்டின சின்னக் கடைக்காரருக்கு 2010 உண்மையிலேயே அடிதான். நான் மறுக்கவில்லை. ஆனால் ஒளித்து வந்த காசை நம்பி நின்றதுதான் அங்கே நோய். படித்த படிப்புக்கு வெளிப்படையாகச் சம்பளம் கேளுங்கள், கூட நின்று நானும் கேட்கிறேன். 2023 தொடக்கம் ஒன்ராறியோ மருந்தாளர்கள் சின்ன வருத்தங்களுக்குத் தாங்களே மருந்து எழுதலாம், அதற்குக் காசும் உண்டு. அதுதான் சரியான வழி.

இது எங்களுக்குத் தெரியாத பாடமும் இல்லை. 1971இல் பேராசிரியர் சேனக பிபிலே, எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து அறிக்கை எழுதினார். அந்த வழியில் அரச மருந்தகக் கூட்டுத்தாபனம் வந்தது. பிராண்ட் பெயரை விட்டு மருந்தின் பெயரில், மொத்தமாகக் கேள்விப்பத்திரம் கோரி வாங்கக் காட்டியது அந்த வறிய நாடு. அந்த நாட்டிலிருந்து வந்த நாங்கள் செத்தவீட்டில் இருந்து "கொம்பனி மருந்து" என்கிறோம்.

அடுத்தமுறை பாமசிக்குப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். ஜெனரிக் இருக்கா? டிஸ்பென்சிங் ஃபீ எவ்வளவு? ஒரேயடியாக மூன்று மாதத்துக்குத் தருவீங்களா? கைக்காசில் வாங்குபவருக்கு ஃபீ 12 டொலர் என்றால், மாதாமாதம் போனால் வருசத்துக்கு 144, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போனால் 48. அந்தக் கட்டணத்தைக் கடையில் எழுதி ஒட்டவேண்டும் என்பது சட்டம்.

பிறகு வீட்டுக்கு வந்து, அம்மாவின்ர லாச்சியை ஒருக்கா இழுத்துப் பாருங்கள்.