திறந்து கிடக்கும் சாளரங்கள்



சென்ற மாதம் ஒரு நாள், காலைத் திருப்பலிக்குப் பின் பங்கு அலுவலகத்தில் கணினி முன் அமர்ந்திருந்தோம். திருமுழுக்குப் பதிவேடு, திருவிழாக் கணக்கு, மறையுரைக் குறிப்பு, மின்னஞ்சல் எனப் பதினேழு சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்த் திறந்து கிடந்தன. அவ்வேளை முதிய தாய் ஒருவர் வந்து, "சாமி, மகனுக்காக ஒரு பூசை வைக்கணும்" என்றார். பூசைக் கருத்துகளைக் குறித்த கோப்பு எந்தச் சாளரத்தின் அடியில் புதைந்ததோ! "இதோ அம்மா, இதோ" என்று தேடிக்கொண்டேயிருந்தோம். நிமிர்ந்து பார்த்தபோது நாற்காலி காலியாயிருந்தது.

மாலையில் அவர் இல்லம் தேடிச் சென்றோம். மகன் வீட்டைவிட்டு வெளியேறி மூன்று வாரங்களாயின என்பதை அப்போதுதான் அறிந்தோம். அவர் நாடி வந்தது பூசைக்கு ஒரு நாளை மட்டுமன்று. மனம்விட்டு அழுவதற்கு ஓர் இடத்தையும்தான்.

கணினித் திரையை ஒரு மேசையாகவும், கோப்புகளை அதன்மேல் வைத்த தாள்களாகவும் காட்டிய ஜெராக்ஸ் நிறுவனத்தின் 'ஸ்டார்' கணினி 1981-இல் விற்பனைக்கு வந்தது. 1985-இல் வெளியான முதல் 'விண்டோஸ்' பதிப்பில் செயலிகளின் சாளரங்கள் அருகருகே மட்டுமே நிற்கும். 1987-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒன்றையொன்று மறைக்கலாயின. வசதி வளர்ந்தது, கூடவே குவியலும் வளர்ந்தது.

இதற்குப் பரிகாரம் எளிது. முடிந்த வேலையின் சாளரத்தை உடனே மூடிவிடுக. சுருக்கி ஒதுக்குவது மூடுவதாகாது. இரண்டை ஒப்பிட வேண்டின், விண்டோஸ் விசையுடன் இடது அல்லது வலது அம்புக்குறியை அழுத்தினால் சாளரம் பாதித் திரையில் அமரும். அதே விசையுடன் 'டி' எழுத்தை அழுத்தினால் யாவும் ஒதுங்கித் திரை வெறுமையாகும். மீண்டும் அழுத்தினால் திரும்பி வரும். திரையில் சிதறிய கோப்புகளை வாரம் ஒருமுறை உரிய கோப்புறைகளில் சேர்த்திடுக.

இப்போதெல்லாம் எவரேனும் எதிரே வந்து அமர்ந்தால், அவ்விரு விசைகளையும் அழுத்திவிட்டு நாற்காலியை அவர் பக்கம் திருப்புகிறோம். அந்தத் தாய் மீண்டும் வந்தார். மகன் இன்னும் திரும்பவில்லை. அவர் பேசினார், நாம் கேட்டோம்.

பெற்றோரே, பிள்ளை ஏதோ சொல்ல வந்து உங்கள் திரையருகே நிற்கும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பல வேலைகளால் கலங்கிய பெத்தானியா மார்த்தாளை அன்புடன் கடிந்துகொண்ட ஆண்டவர், நமக்கும் அவ்வாறே நினைவூட்டுவாராக. வீட்டைவிட்டுச் சென்ற அம்மகனுக்காக, இன்றிரவு குடும்பச் செபமாலையில் ஒரு மணியை ஒப்புக்கொடுங்கள்.