பச்சை ஒளி நற்சான்றிதழ் அன்று

அறுவை மருத்துவ மாநாடுகளில் ஒரு காட்சி வழக்கமாகிவிட்டது. திரையில் பெருங்குடல் பச்சையாக ஒளிர்கிறது. ‘ரத்த ஓட்டம் உறுதி’ என்று உரை முடிகிறது. அந்த ‘உறுதி’ என்ற சொல்லுக்குத்தான் ஆதாரம் போதவில்லை.

இன்டோசயனின் கிரீன் புதிய சாயமன்று. 1959இலேயே அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சிரையில் செலுத்தியதும் பிளாஸ்மா புரதங்களோடு பிணைந்து ரத்தக் குழாய்களுக்குள் சுற்றும். அண்மை அகச்சிவப்பு ஒளி பட்டால் ஒளிரும். அவ்வொளி சொல்வது ஒன்றே: சாயம் அவ்விடத்தை அடைந்தது. எவ்வளவு ரத்தம் வந்தது என்பதை அது சொல்வதில்லை. கேமராவை நெருக்கினால் ஒளி கூடும். சற்றுப் பொறுத்தால் ரத்தம் குறைந்த பகுதிக்கும் பக்கக் கிளைகளின் வழியே சாயம் பரவி, அதுவும் ஒளிரும். நேரத்தைக் குறிக்காமல் ‘நன்றாக ஒளிர்கிறது’ என்பது அளவீடு ஆகாது, அபிப்பிராயம் மட்டுமே.

சமவாய்ப்புச் சோதனைகளும் ஒரே குரலில் பேசவில்லை. 2021இல் வெளியான அமெரிக்க பில்லர்-3 சோதனையில் இணைப்புக் கசிவு சாயக் குழுவில் 9.0 விழுக்காடு, மற்றதில் 9.6. நோயாளிகள் போதிய வேகத்தில் சேராததால் அது இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஜப்பானின் எசென்ஷியல் சோதனையில் 7.6க்கு எதிராக 11.8; தெளிவான பயன். நெதர்லாந்தின் அவாய்ட் சோதனையில் 7க்கு எதிராக 9. அவ்வேறுபாடு புள்ளியியல் முக்கியத்துவம் பெறவில்லை. இவற்றுள் ஜப்பானிய முடிவை மட்டும் மேடையேற்றுவது ஆய்வு நேர்மையாகாது.

வெறுங்கண்ணே போதும் என்போரின் வாதமும் நிற்காது. குடலின் நிறம், துடிப்பு, வெட்டுமுனை ரத்தக்கசிவு ஆகியவற்றைக் கொண்டு கசிவை முன்கூட்டிச் சொல்வதில் அனுபவசாலிகளும் தவறுகிறார்கள். ஆதலால் சாயத்தைத் துறப்பது தீர்வன்று. அதற்குரிய இடத்தில் அதை வைப்பதே தீர்வு.

கசிவுக்கு ரத்த ஓட்டம் ஒரு காரணம் மட்டுமே. இணைப்பில் இழுவிசை, புகைப்பழக்கம், ஸ்டீராய்டு, ஊட்டக்குறைவு, மலக்குடலில் மிகத் தாழ்ந்த இணைப்பு ஆகிய எவற்றையும் கேமரா காணாது. ரத்தசோகையும் உடல் மெலிவுமாக, நோய் முற்றிய நிலையில் அறுவை மேசைக்கு வரும் இந்திய நோயாளிகள் எத்தனையோ பேர். அத்தகையவருக்கு ஒளியை மட்டும் நம்பித் தற்காலிகக் குடல்வாயைத் தவிர்த்தால், விலை கொடுப்பவர் அவரே: வயிற்றறைத் தொற்று, மறு அறுவை, சில வேளை உயிர்.

எனவே மருத்துவக் கல்லூரிகள் மூன்றைக் கட்டாயமாக்க வேண்டும். சாயத்தின் அளவு, கேமராவின் தொலைவு, ஒளிரத் தொடங்கிய நேரம் ஆகியவை அறுவைக் குறிப்பில் பதிவாக வேண்டும். கருவி வாங்குமுன் துறை தன் கசிவு விகிதத்தைக் கணக்கிட்டு வெளியிட வேண்டும். ஒளியைக் கண்டு வெட்டுமிடம் மாற்றப்பட்டவர்களின் விளைவைத் தனியே தொடர வேண்டும். இம்மூன்றும் இல்லாத இடத்தில் அந்தக் கேமரா ஆய்வுக் கருவியன்று, விளம்பரப் பலகை.