கரண்டி உமியில் பசி அடங்குமா?

"சாப்பாட்டுக்கு முன் ஒரு கரண்டி இசப்கோல் உமி போதும், பசி அடங்கும், எடை தானே இறங்கும்" என்கிறார்கள். பாதிதான் உண்மை.

ஒரு டம்ளர் தண்ணீரில் அந்த உமியைக் கலக்கி ஐந்து நிமிடம் வையுங்கள், கூழாகிவிடும். வெண்டைக்காயின் வழவழப்பும் ஊறிய வெந்தயத்தின் கொழகொழப்பும் இதே வகைக் கரையும் நார்தான். இந்தக் கூழ் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். அதுவரை சரி. ஆனால் வயிறு திம்மென்று இருப்பது வேறு, தட்டில் சோறு குறைவது வேறு. 44 ஆய்வுக் கட்டுரைகளை அலசி ஆய்வாளர்கள் கிளார்க்கும் ஸ்லாவினும் 2013-இல் வெளியிட்ட தொகுப்பைப் பாருங்கள்: நார் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் 78 விழுக்காட்டில் உண்ணும் அளவு குறையவே இல்லை.

பழத்தில் உள்ள நாருக்கும் இதே கதைதான்; பண்ருட்டிப் பலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பலாச்சுளையில் நாரும் உண்டு, சர்க்கரையும் உண்டு. நாரை நம்பி இருபது சுளையை உள்ளே தள்ளினால் கலோரிக் கணக்கு எங்கே நிற்கும்?

நாரைச் சேருங்கள், தண்ணீரும் தாராளமாகக் குடியுங்கள். ஆனால் மறுசோற்றுக்கு நீளும் தட்டை உமி வந்து தடுக்காது.