8 பாட்டு 24 ஆனது!

இங்கிலாந்தில் 'தி கியூர்' என்று ஒரு ராக் இசைக்குழு இருக்கிறது. கியூர் என்றால் நோய் தீர்ப்பது என்று பொருள். ஆனால் குழு பெயர் வாங்கியதோ சோகப் பாட்டால்! தலைவர் ராபர்ட் ஸ்மித். 1959-ல் பிறந்தவர்.

இந்தக் குழு 16 ஆண்டுகள் புதிய தொகுப்பு எதையும் வெளியிடவில்லை. 2024 நவம்பரில் 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' வந்தது. தொலைந்துபோன உலகத்தின் பாடல்கள். மொத்தம் 8 பாட்டு. பிரிட்டனில் விற்பனையில் முதல் இடம். 1992-க்குப் பிறகு அந்த இடம் அவர்களுக்குக் கிடைத்தது அப்போதுதான்.

ஏழு மாதம் சென்றது. 2025 ஜூனில் அதே 8 பாட்டும் 24 ஆக வந்தன!

எப்படி?

பாட்டைப் பதியும்போது குரல், கிட்டார், டிரம் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிந்து வைப்பார்கள். அவற்றைக் கலந்தால் பாட்டு. அந்தத் தனிப் பதிவுகளை வேறொரு கலைஞரிடம் கொடுத்தால், அவர் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடலாம். மின்னணுக் கருவியில் புதுத் தாளம் போடலாம். சின்னப் பாட்டை நீட்டலாம். இதுதான் 'ரீமிக்ஸ்'. ஆர்பிட்டல், ஃபோர் டெட் முதலிய பலர் சேர்ந்து ஒவ்வொரு பாட்டையும் மூன்று விதமாக மாற்றினார்கள்.

அண்ணனுக்கு அழுத பாட்டு

இவற்றில் ஒரு பாட்டு, அண்ணன் இறந்த துயரத்தில் ஸ்மித் எழுதியது. அதைக்கூட விடவில்லை! நடன அரங்குகளில் புகழ் பெற்ற பால் ஓகன்ஃபோல்டு மாற்றிய வடிவம்தான் புதுத் தொகுப்பின் முதல் பாட்டு. சாவுக்கு அழுத பாட்டைப் பிறர் கையில் கொடுக்கலாமா? கொடுத்தவர் அழுதவரேதான். அவருக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு?

அவருக்கு இது புதிதும் அல்ல. 1990-லேயே 'மிக்ஸ்டு அப்' என்ற ரீமிக்ஸ் தொகுப்பை இந்தக் குழு வெளியிட்டது. அப்போது இரண்டு பாட்டுகளின் மூல நாடாக்கள் அகப்படவில்லை. நாடா இல்லாமல் எதைப் பிரிப்பது? குழுவினர் அந்த இரண்டையும் மறுபடி வாசித்து, பாடி, பதிந்தார்கள். 2018-ல் ஸ்மித் தாமே 16 பழைய பாட்டுகளை மாற்றிப் போட்டார்.

பணம் யாருக்கு?

விற்ற சரக்கையே மறுபடி விற்கிறார்கள் என்ற பேச்சு, ரீமிக்ஸ் எது வந்தாலும் எழும். பல தொகுப்புகளுக்கு அது பொருந்தவும் செய்யும். இதற்குப் பொருந்தாது. பதிவுகளுக்காகக் குழுவுக்கு வரவேண்டிய ராயல்டி முழுவதும் 'வார் சைல்டு' சங்கத்துக்குப் போகிறது. போரில் சிக்கிய குழந்தைகளுக்கு உதவும் பிரிட்டிஷ் சங்கம் அது. 8 பாட்டில் ஒன்றின் பெயர் 'வார்சாங்', அதாவது போர்ப்பாட்டு. அதற்கும் மூன்று புது வடிவம் உண்டு.