சிகாமட்டா, செகாமட்டா?

நமக்கு வரும் கதைகளில் ஒரே ஊர் இரண்டு விதமாக வருகிறது. மூத்தவர்கள் சிகாமட் என்று எழுதுகிறார்கள், இளையவர்கள் செகாமட் என்று. எதைத் திருத்துவது என்று மெய்ப்புப் பார்ப்பவர் கேட்டார். சிகாமட்டில் கை வைக்க வேண்டாம் என்றோம்.

மலாயில் எகரம் இரண்டு. ஒன்று நம் எகரம் போலவே ஒலிப்பது. மற்றது, சிகாமட்டின் முதல் எழுத்தில் வரும் 'பெப்பெட்'. 'பாட்டு', 'காசு' என்று பேசும்போது கடைசியில் நாம் விடும் குற்றியலுகரம் அதற்கு மிக நெருக்கம். மலாயை லத்தீன் எழுத்தில் எழுதும் பழைய ரூமியில் பெப்பெட்டின் தலையில் பிறைக்குறி இட்டார்கள். 1972 எழுத்துச் சீர்திருத்தம் அதை நீக்கியது. இன்று இரண்டுக்கும் ஒரே எழுத்து. அரபு எழுத்தில் எழுதும் ஜாவியிலோ பெப்பெட் பெரும்பாலும் எழுதப்படுவதே இல்லை. தமிழில் இதற்கு எழுத்தில்லையே என்று நாம் மட்டும் கூச வேண்டியதில்லை.

எழுத்து இல்லாத இடத்தில் தோட்டத்து மக்களின் காது வேலை செய்தது. சகரத்தை ஒட்டி வந்தால் இகரமாகக் கேட்டது: சிகாமட், சிரம்பான், சிலாங்கூர். அடுத்து உகரம் வந்தால் உகரமானது: குளுவாங். மலாக்காவின் அகரத்தில் வெள்ளைக்காரனுக்கும் பங்கிருக்கலாம். கெடாவும் பேராக்கும் எதற்கும் அடங்காதவை. ஆனால் குளுவாங்கைப் பாருங்கள். ரூமிப் பலகையில் ககரமும் லகரமும் ஒட்டி நிற்கின்றன. பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அந்தச் சொல்லில் இரண்டுக்கும் நடுவே பெப்பெட் உண்டு. பலகை விழுங்கிய உயிரைத் தமிழ் காப்பாற்றி வைத்திருக்கிறது.

இளையவர்கள் பலகையைப் பார்த்து எழுதுகிறார்கள். பார்த்ததை நம்பி ஒலித்த கதை இந்த நாட்டில் ஏற்கெனவே நடந்தது. 1988இல் எழுத்தில் உள்ளபடியே உச்சரிக்கும் 'செபுத்தான் பாக்கு' முறை வந்தது. ஜொகூர்-ரியாவ் வழக்கில் 'சாயா'வின் கடைசி ஆகாரம் பெப்பெட்டாக மங்கும். பாக்கு அதை முழு ஆகாரமாக்கியது. மக்கள் வாயில் அது ஒட்டவில்லை. 2000இல் அரசு ஜொகூர்-ரியாவுக்கே திரும்பியது. மலாய் மொழி நிறுவனமான டேவான் பகாசா டான் புஸ்தாகாவும் 1956இல் ஜொகூர் பாருவில்தான் பிறந்தது என்பதை இங்கே கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம்.

ஆகவே பழகிய ஊர்ப்பெயர்களைக் காதால் கேட்டபடியே அச்சிடுவோம். புதிய குடியிருப்புகளுக்கு எகரம் போதும். தமிழில் புதுக் குறிகள் எதுவும் வேண்டாம். ஒரே விலக்கு, நுசாஜெயா என்ற பெயர் போய் வந்த இஸ்கந்தர் புத்திரி. 'புத்தெரி' என்று வந்தாலும் திருத்துவோம். அவள் வடமொழியிலிருந்து இரண்டு வீட்டுக்கும் வந்தவள்.